தோடம்பழக் காருக்கு நான் அடித்த கோடு

என் தொழிலில் கெட்டிக்காரி என்று பெயர் எடுக்க வேண்டுமானால், நான் செய்த வேலை யார் கண்ணிலும் படக்கூடாது. இடிபட்ட கதவுக்கு நான் பெயின்ட் அடித்தால், காருக்கு உரியவர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, எந்தக் கதவு இடிபட்டது என்பதை அவரே மறந்துபோக வேண்டும். சுவிஸில் ஓல்டனுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், நெளிந்த கார்களை நிமிர்த்திப் பெயின்ட் அடிக்கிற பட்டறையில் பத்தொன்பது வருடமாக இதைத்தான் செய்கிறேன். சமைக்கிறவளுக்கு உப்புக் கூடிவிட்டது என்றாவது ஒரு சொல் கிடைக்கும். எனக்கு அதுவும் இல்லை. வந்தவர் ஒன்றும் சொல்லாமல் சாவியை வாங்கிக்கொண்டு போனால் அன்றைய வேலை திறம் என்று அர்த்தம்.

பதினாறு வயதில் இந்த நாட்டுக்கு வந்தேன். பள்ளிக்கூடம் முடிந்து இந்தத் தொழிலைப் பழகப் போகிறேன் என்றபோது, பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் இந்த மணமும் தூசியும் என்று சொந்தக்காரர் எல்லாரும் தடுத்தார்கள். எனக்குக் கோபம் சுருக்கென்று வரும். யாராவது வேண்டாம் என்றால் அதைச் செய்துதான் முடிப்பேன். அப்படித்தான் ஸ்பிரே துப்பாக்கி என் கைக்கு வந்தது. நிறத்தைப் பொறுத்தவரை என் கண் பிழை விடாது. ஆனால் எந்த நிறம் என்று தீர்மானிக்கிற உரிமை மட்டும் ஒருநாளும் என்னிடம் இருந்ததில்லை. அது கார்க் கதவின் உட்பக்கத்தில் ஒரு சிறு ஒட்டுத்தாளில் எண்ணாக எழுதியிருக்கும். எண்ணைப் பார்த்துக் கலந்து அடித்தால் என் பங்கு முடிந்தது.

எங்கள் ஊரில் கோடை முடிகிற நேரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டாக் கார் பந்தயம் நடக்கும். தொலைக்காட்சியில் காட்டுகிற பெரிய பந்தயத் திடலை மனதில் கொண்டுவர வேண்டாம். கோதுமை வெட்டிய வயலுக்குத் தண்ணீர் பீய்ச்சிச் சேறாக்கி, வளைவுகளில் வைக்கோல் கட்டுகளும் சிவப்பு வெள்ளைத் தடுப்புப் பலகைகளும் வைப்பார்கள். பழைய இரும்புக்குப் போக வேண்டிய கார்களின் கண்ணாடிகளைக் கழற்றி, உள்ளே இரும்புக் குழாய்களைப் பொருத்தி, பட்டறைக்காரரும் வயல் செய்கிற கமக்காரரும் ஓட்டுவார்கள். ஒருவரை ஒருவர் இடிக்கலாம். ஓட்டுகிறவர் இருக்கிற பக்கத்துக் கதவில் மட்டும் இடிக்கக் கூடாது. யார் முந்துகிறார் என்று பார்க்க வருகிறவர்களைவிட யார் யாரை இடிக்கிறார் என்று பார்க்க வருகிற சனம்தான் கூட.

எங்கள் பட்டறை முதலாளி அந்த வயலில் வருடக்கணக்காக ஓடியவர். அவருடைய கார் எப்போதும் தோடம்பழ நிறம், அதாவது ஒரேஞ்ச். அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. ஊர்ச்சபையின் வீதி துப்புரவு வாகனங்களுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட் பட்டறையில் கிடந்தது, அவ்வளவுதான். ஆனால் ரசிகர்கள் காரணம் கேட்பார்களா? தோடம்பழத் தொப்பி, தோடம்பழக் குடை, தோடம்பழச் சட்டை போட்ட நாய் என்று ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. கூட்டத்துக்குத் தலைவர் ஒரு மாட்டுப்பண்ணைக்காரர். எழுபது வயது இருக்கும். தன் பெரிய மாட்டுமணிக்கும் அந்த நிறம் பூசி, அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவார். முதலாளி ஒரு காரை இடித்தால் அந்த மணி பக்கத்து ஊர்வரை கேட்கும்.

போன கோடைக்கு முன் முதலாளிக்கு முதுகில் ஒப்பரேஷன் நடந்தது. இனி இடிபடக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அவருடைய மகள் தான் ஓட்டுவதாகச் சொன்னாள். அவள் தச்சுவேலை செய்கிறவள். முப்பது வயது, கையும் காலும் இரும்பு மாதிரி. பழைய காரும் துருப்பிடித்து உக்கிப் போயிருந்ததால் வேறொரு காரை எடுத்து, பின்பக்கத்தை ஒரு முழம் வெட்டிக் குறைத்தோம். முன்னுக்குக் குழாய்களை வளைத்துப் புதிய தடுப்புப் போட்டோம். கூரையையும் கொஞ்சம் தாழ்த்தினோம். காரின் உருவமே மாறிவிட்டது. அப்போது அந்தப் பெண் என்னைப் பார்த்து, நிறம் உன் விருப்பம், எண்ணெல்லாம் பார்க்காமல் நினைத்ததை அடி என்றாள்.

உண்மையைச் சொல்கிறேன், கழிவறைக்குப் போய்க் கொஞ்சநேரம் நின்றுவிட்டுத்தான் வந்தேன். முதலாளி மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். சனத்துக்குப் பிடித்தால் இனி அந்த நிறம்தான், பிடிக்காவிட்டால் அடுத்த வருடம் பழையபடி தோடம்பழம். சரி என்றேன். என் கையால் வந்த ஒன்றை ஊர் பார்க்கப் போகிறது. அது ஒரே ஒரு நாளோடு முடியாமல் இருக்க வேண்டும் என்று மனம் கிடந்து துடித்தது.

நான் தேர்ந்தெடுத்தது சிவப்பும் வெள்ளையும். எங்கள் கோயில் மதில்களில் மேலிருந்து கீழே பட்டை பட்டையாக அடித்திருக்குமே, அந்தக் கோடு. சிவப்பு வெள்ளை இந்த நாட்டுக் கொடியின் நிறமும்தானே. எங்கள் சனத்துக்கும் பிடிக்கும், சுவிஸ்காரருக்கும் பிடிக்கும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று கணக்குப் போட்டேன். இரண்டு வாரம் வேலை முடிந்தபிறகு நின்று, மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒரு சாண் அகலத்துக்குக் கோடு கோடாக அடித்தேன். அதற்கு மேல் மூன்று தடவை பளபளப்பு வார்னிஷ். வயலில் உருளப் போகிற காருக்கு மூன்று தடவை வார்னிஷ் எதற்கு என்று முதலாளி கேட்டார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று அவருக்கு ஜெர்மனில் எப்படிச் சொல்வது? சும்மா சிரித்தேன்.

படம் எடுத்துக்கொண்டு வந்து வீட்டில் காட்டினேன். என் கணவர் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவர். வயதானவர்களோடு நாள் முழுக்க ஜெர்மன் கதைப்பார். ஆனால் நாலு சுவிஸ்காரர் கூடுகிற இடத்தில் பிழை வந்துவிடுமோ என்ற பயத்தில் வாயே திறக்க மாட்டார். வீட்டில் அந்தப் பயம் கிடையாது. படத்தைப் பார்த்தவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"உமக்கு விசரோ? கோயில் மதிலைக் கீறிப்போட்டு, அதைக் கொண்டுபோய் நாலு பேர் இடிக்க விடப் போறீரோ?"

அம்மன் சாட்சியாக, அந்த இரண்டு வாரமும் அந்த நினைப்பே எனக்கு வரவில்லை. கோட்டின் அகலத்தை யோசித்தேன், சிவப்பில் கொஞ்சம் காவி கலப்பதா என்று யோசித்தேன். இடிபடுவதற்காகவே செய்கிற கார் இது என்பதைத்தான் யோசிக்கவில்லை. பிழை என்று தெரிந்தால் எனக்குக் கோபம் இன்னும் கூடும். இது கார், கோயில் இல்லை என்றேன். அப்படியென்றால் ஏன் கோயில் மாதிரி அடித்தீர் என்று கேட்டார். இந்த மனிதருக்கு வீட்டில் மட்டும் இப்படிக் கேள்வி கேட்கத் தெரியும்.

கூர் நகரத்தில் ஹோட்டலில் வேலை செய்கிற அக்காவுக்குப் படத்தை அனுப்பினேன். அவள் என் பக்கம் நிற்பாள் என்று நினைத்தேன். நல்லாய்த்தான் இருக்கிறது, மேலே ஒரு கோபுரமும் வைத்திருந்தால் தேர் என்றாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு யாருக்கும் படம் அனுப்பவில்லை.

அந்தக் கிழமை முழுவதும் கார் பட்டறை வாசலில் நின்றது. ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? வெதுப்பகத்தில் பாண் வாங்கப் போன இடத்தில் இரண்டு பேர், அது பல் விளக்குகிற பசை மாதிரி இருக்கிறது என்று கதைத்தார்கள். ஊர் வட்ஸ்அப் குழுவில் ஒருவர் சர்க்கஸ் கூடாரம் என்றார். இன்னொருவர், நிறத்தை விடுங்கள், அந்த வெட்டிய பின்பக்கத்தைப் பார்த்தீர்களா, வால் இல்லாத மாடு மாதிரி என்று எழுதினார். அடுப்படி யன்னல் திரைச்சீலைக்கு நல்லாயிருக்கும் என்று ஒரு பெண் எழுதினாள். கூரை தாழ்ந்ததால் ஓட்டுகிறவர் கழுத்தில்லாத ஆள் போலத் தெரிவார் என்று ஒருவர் கவலைப்பட்டார். மாட்டுப்பண்ணைக்காரர் ஒன்றும் எழுதவில்லை. பட்டறையைத் தாண்டி டிராக்டரில் போகும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு போனார். மற்றவர்கள் எழுதியதெல்லாம் சேர்ந்து சுட்டதைவிட அதுதான் எனக்குக் கூடச் சுட்டது.

பந்தய நாள் காலையில் கணவரும் வெளிக்கிட்டு நின்றார். கையில் ஒரு பை. உள்ளே நாலு தேசிக்காயும் ஒரு தேங்காயும். உங்களுக்குத்தான் இது பிடிக்கவில்லையே என்றேன். பிடிக்கிறது வேறு, புதுக் கார் தேசிக்காய் மிதிக்காமல் ஓடுகிறது வேறு என்றார். திரிம்பாக்கில் இருக்கிற எங்கள் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்திருக்க வேண்டும், ஆனால் இலக்கத் தகடு இல்லாத வண்டியை எப்படி வீதியில் கொண்டுபோவது என்று அவருக்கு வழியெல்லாம் ஒரே மனவருத்தம்.

வயல் ஓரத்தில், சனம் பார்த்துக்கொண்டு நிற்க, என் மனிதர் குனிந்து நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்தார். முதலாளியின் மகள் என்ன ஏது என்று கேட்கவில்லை. மெதுவாக முன்னே எடு என்று நான் சொன்னதும் எடுத்தாள். நாலும் நசிந்தன. தேங்காயைக் கணவர், அங்கே காவலுக்கு நின்ற தீயணைப்புக்காரரிடம் கேட்டு, அவர் காட்டிய கல்லில் உடைத்தார். மாட்டுப்பண்ணைக்காரர் கிட்ட வந்து இது எதற்கு என்று முதல் தடவையாக என்னோடு கதைத்தார். யாருடைய கண்ணும் காரில் படாமல் இருக்க என்றேன். இந்த நிறத்தை அடித்துவிட்டுக் கண் படக்கூடாது என்றால் எப்படி என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எரிச்சலும் அதனால்தான் வந்தது.

மூன்று ஓட்டம். முதல் ஓட்டம் தொடங்கும் முன் வூர்ஸ்ட் என்கிற சொசேஜ் வாங்க வரிசையில் நின்றேன். என்னைப் பார்த்து, பெயின்ட் அடித்தவள் இவள்தான் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். எனக்கு முன்னால் தோடம்பழத் தொப்பிக்காரர் மூன்று பேர். ஒருவர், தாங்கள் வாங்கிய சட்டையெல்லாம் இனி வீணாகப் போய்விட்டதே என்று உண்மையாகவே கவலைப்பட்டார். இன்னொருவர், புதுசு என்றால் எதையும் பழிக்கக் கூடாது, ஆனால் இது மிகவும் சுத்தமாக இருக்கிறது என்றார். சுத்தம் என்பதை ஒரு குற்றமாகச் சொல்கிற சுவிஸ்காரரை அன்றைக்குத்தான் கண்டேன்.

முதல் ஓட்டத்தில் அதிசயம் ஒன்று நடந்தது. எங்கள் காரை ஒருவரும் இடிக்கவில்லை. மற்றக் கார்கள் எல்லாம் ஒன்றோடொன்று மோதிப் புரள, சிவப்பு வெள்ளைக் கார் மட்டும் நடுவால் வழுக்கிக்கொண்டு போய் மூன்றாவதாக வந்தது. பிறகுதான் ஓட்டுநர்கள் சொல்லித் தெரிந்தது. சேறு பறக்கிற அந்த இடத்தில் என் கோட்டைப் பார்த்ததும் வளைவில் நிற்கிற தடுப்புப் பலகை என்று நினைத்து, எல்லாரும் காரைத் திருப்பியிருக்கிறார்கள். மதிலில் ஒரு கீறலும் இல்லை. கணவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பார்த்தீரோ, தேசிக்காய் வேலை செய்யுது என்றார்.

ஆனால் சனத்திடம் ஒரு சத்தமும் இல்லை. மாட்டுமணி வாய் மூடிக் கிடந்தது. இடிக்காத, இடிபடாத காரைப் பார்க்கவா அவர்கள் காசு கொடுத்து வந்தார்கள்? ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நின்றேன். கோடு அழியாமல் இருந்தால் இந்தச் சனத்துக்குப் பிடிக்காது, அடுத்த வருடம் தோடம்பழம்தான். சனத்துக்குப் பிடிக்க வேண்டுமென்றால் கோடு நசிய வேண்டும்.

இரண்டாவது ஓட்டத்துக்கு முன் முதலாளியின் மகள் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு என்னிடம் வந்தாள். முதலாளி மடக்குக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் எனக்குப் பக்கத்தில் நின்றார். அவள் சொன்னதை என் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"இது நீ செய்த வேலை. நான் போய் இடிச்சால் எல்லாம் நசிஞ்சு போயிடும். உன்னைக் கேக்காமல் செய்ய மாட்டன். இடிக்கட்டோ?"

பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ பேருடைய கார்களுக்கு வேலை செய்திருக்கிறேன். என்னுடைய வேலையை என்ன செய்யட்டும் என்று என்னிடம் கேட்டவள் இவள் ஒருத்திதான். காரைப் பார்த்தேன். வெயிலில் மூன்று தடவை வார்னிஷ் மினுங்கிக்கொண்டு நின்றது. அழுகை வந்தது. கணவர் என்ன நினைப்பாரோ என்று அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"இடி," என்றேன். "நல்லா இடி."

கணவர் சிப்ஸ் கடைப் பக்கம் நடந்து போய்விட்டார்.

அந்தப் பெண் இடித்த இடி இருக்கிறதே, தகப்பன் தன் காலத்தில் அப்படி இடித்ததில்லை. முதல் வளைவிலேயே ஒரு நீலக் காரைத் தூக்கி வைக்கோலில் போட்டாள். தடுப்புப் பலகை திடீரென்று தங்களைத் துரத்தி வருவதைக் கண்ட மற்ற ஓட்டுநர்களுக்கு எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை. வெட்டிக் குறைத்த பின்பக்கத்தால் கார் நின்ற இடத்திலேயே சுழன்றது. வால் இல்லாத மாடு என்று எழுதியவர் எங்கே நின்று பார்த்தாரோ தெரியாது. வலது பக்கக் கதவு மடிந்தது. முன்பக்கக் கோடுகள் கசங்கி, சிவப்பு எது வெள்ளை எது என்று தெரியாமல் சேறு மூடியது. ஆனாலும் ஒவ்வொரு இடிக்கும் நான் கையைத் தட்டிக்கொண்டுதான் நின்றேன். எங்கோ பின்னால் மாட்டுமணி கேட்டது. ஒரு தடவை, பிறகு இரண்டு தடவை, பிறகு நிறுத்தவே இல்லை.

மூன்றாவது ஓட்டம் முடிந்தபோது கார் பக்கவாட்டில் கிடந்தது. அந்தப் பெண் யன்னல் வழியாக ஏறி வந்து, ஒரு காயமும் இல்லாமல் மேலே நின்று கையை ஆட்டினாள். இடம் என்று பார்த்தால் கடைசியிலிருந்து இரண்டாவது. யாருக்கு வேண்டும் இடம்? ஒலிபெருக்கிக்காரர் முதலாளியின் நிபந்தனையை எப்படியோ கேள்விப்பட்டிருக்கிறார். ஒலிவாங்கியைச் சனத்தின் பக்கம் நீட்டி, அடுத்த வருடம் என்ன நிறம் என்று கேட்டார்.

ஒரு பக்கத்திலிருந்து தோடம்பழம் என்று கத்தினார்கள். மறுபக்கத்திலிருந்து சிவப்பு வெள்ளை என்று கத்தினார்கள். பல் விளக்குகிற பசை என்ற இருவரில் ஒருவர் சிவப்பு வெள்ளைக்கு நின்றதை என் கண்ணால் கண்டேன். சட்டைக்குக் கவலைப்பட்டவர் தோடம்பழம்தான். மாட்டுப்பண்ணைக்காரர் மணியை மட்டும் அடித்தார், எதற்கு அடித்தார் என்று கடைசிவரை சொல்லவில்லை. யாரும் கண்டுபிடிக்கக் கூடாத வேலையைச் செய்து பழகிய எனக்கு, ஒரு வயல் நிறைந்த சனம் என் பெயின்டுக்காகச் சண்டை பிடிக்கிறது. எந்தப் பக்கம் வென்றாலும் பரவாயில்லை என்று அந்த நிமிடம் தோன்றியது.

அப்போதுதான் எனக்குத் தெரிந்த ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். வேலியோரம், சிப்ஸ் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, சுவிஸ்காரருக்கு நடுவில் நின்று என் கணவர் கத்திக்கொண்டிருந்தார். "ரோட்-வீஸ், ரோட்-வீஸ்" என்று அவர்களுடைய பாஷையில் சிவப்பு வெள்ளைக்குக் கத்துகிறார். பக்கத்தில் நின்ற தொப்பிக்காரர் ஒருவர் மறுத்து ஏதோ சொல்ல, இவர் அவருக்கு விளக்கம் வேறு கொடுக்கிறார். கலியாணம் முடித்த நாளிலிருந்து இந்த மனிதர் வெளியில் இப்படிக் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. கண்ணைத் துடைக்கக் கை போனது. கையில் வூர்ஸ்டுக்குப் போட்ட கடுகுப் பசை இருந்ததால் கண் எரிந்துவிட்டது.

சனம் கத்திய கத்தில் ஒன்றும் விளங்கவில்லை, நீயே தீர்மானி என்று முதலாளி என்னிடம் சொல்லிவிட்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது கணவருக்குக் குரல் கட்டிப்போயிருந்தது. கோயில் மதிலைப் பற்றி இனித்தான் தொடங்கப் போகிறார் என்று நான் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டிருந்தேன். ஊர் எல்லை தாண்டியதும் கரகரத்த குரலில் தொடங்கினார்.

"அடுத்த முறை கோட்டைக் கொஞ்சம் அகலமாய் அடியும். இடிபட்டாப் பிறகும் தூரத்தில இருந்து தெரியோணும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பத்தொன்பது வருடம் இந்தத் தொழிலில் நிற்கிறவளுக்கு வந்து கோட்டின் அகலம் சொல்லுகிறாராம். தெரியாத வேலையில் வாயை வைக்காதேங்கோ என்றேன். அவர் விடவில்லை. ஸ்டீரிங்கில் இருந்து ஒரு கையை எடுத்து அளந்து காட்டினார். ஒரு சாண் போதும் என்றேன் நான். ஒன்றரைச் சாண் வேண்டும் என்றார் அவர்.